ஆர்டிக்யுலட்லி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாணவர்களுக்கும் அலுவலகங்களில் வேலை செய்பவர்களுக்கும் ஆங்கிலக் கடிதங்களைத் திருத்திக் கொடுப்பது என் வழக்கம். அப்போது இந்த ஒரு சொல்லைப் பற்றி மட்டும் ஒரே மாதிரியான சந்தேகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பலரும் கேட்டவற்றை, கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஆங்கிலச் சொற்களை ஒலியைப் பின்பற்றித் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன்.

"ஆர்டிக்யுலட்லி" என்றால் சுருக்கமாக என்ன அர்த்தம்?

மனத்தில் உள்ளதைக் கேட்பவருக்கு விளங்கும்படி, பொருத்தமான சொற்களால், கோவையாக எடுத்துச் சொல்லும் விதத்தைக் குறிக்கும் வினையடை இது. "ஷி ஸ்போக் ஆர்டிக்யுலட்லி" என்றால், அவர் தம் கருத்தைத் தெளிவாகவும் ஒழுங்காகவும் எடுத்துரைத்தார் என்று பொருள்.

தெளிவு, ஒழுங்கு ஆகிய இரண்டுமே இதில் உண்டு. ஒவ்வொரு வாக்கியமும் தனியாகப் புரிந்தும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் என்ன தொடர்பு என்று தெரியாமல் கேட்பவர் விழித்தால், அந்தப் பேச்சுக்கு இந்தச் சொல் பொருந்தாது.

நான் "ஆர்டிகுலேட்லி" என்றுதான் சொல்லி வருகிறேன். சரிதானே?

இல்லை. ஆர்-டிக்-யு-லட்-லி என்று சொல்ல வேண்டும். அழுத்தம் இரண்டாவது அசையான "டிக்" மீது விழும். "லட்" என்பதில் உள்ள உயிரொலி குறுகி, வாய்க்குள் மங்கலாக ஒலிக்கும்.

குழப்பத்துக்குக் காரணம் வினைச்சொல். வினையாக வரும்போது அது "ஆர்டிக்யுலேட்" என்று நீண்டு முடியும். பெயரடையாக வரும்போது "ஆர்டிக்யுலட்" என்று குறுகும். எழுத்து இரண்டுக்கும் ஒன்றுதான். வினையடை பெயரடையிலிருந்து பிறப்பதால் குறுகிய ஒலியே தொடர்கிறது. ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட சொற்கள் நிறைய உண்டு. "எலாபரேட்" என்றால் விரித்துரை, "எலாபரட்" என்றால் விரிவான. "எஸ்டிமேட்" என்பது மதிப்பிடும் செயல், "எஸ்டிமட்" என்பது மதிப்பீடு. இந்த ஒழுங்கு ஒரு முறை பிடிபட்டுவிட்டால் பத்துப் பதினைந்து சொற்களின் உச்சரிப்பு சேர்ந்தே திருந்திவிடும்.

தெளிவாக உச்சரிப்பதுதான் ஆர்டிக்யுலட் என்று என் ஆசிரியர் சொன்னாரே?

அவர் சொன்னதும் சரி. இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. லத்தீன் மொழியில் "ஆர்டிகுலஸ்" என்றால் சிறிய மூட்டு, கணு. எலும்பும் எலும்பும் சேரும் இடத்தை உடற்கூறியலில் இன்றும் "ஆர்டிக்யுலேஷன்" என்கிறார்கள். நடுவே மூட்டு வைத்து வளைந்து திரும்பும் நீண்ட சரக்கு வண்டிக்குப் பிரிட்டனில் "ஆர்டிக்யுலேடட் லாரி" என்று பெயர். சட்டத்தின் ஒரு பிரிவையும் பத்திரிகையில் வரும் ஒரு கட்டுரையையும் குறிக்கும் "ஆர்டிகிள்" என்ற சொல்லும் இதே வேரிலிருந்து பிறந்ததுதான்.

மூட்டு செய்யும் வேலை இரண்டு: பிரிப்பது, பிரித்ததைச் சேர்த்துப் பிடிப்பது. ஒலிகளை ஒன்றோடொன்று குழையாமல் பிரித்து ஒலித்தால் அது தெளிவான உச்சரிப்பு. கருத்துகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இன்னதோடு இன்னது இப்படிச் சேர்கிறது என்று காட்டினால் அது தெளிவான எடுத்துரைப்பு. பேச்சுப் பயிற்சியிலும் பாட்டுப் பயிற்சியிலும் முதல் பொருள் மிகுதி. அன்றாட ஆங்கிலத்தில் இரண்டாவது பொருளே ஓங்கி நிற்கிறது. கீழே உள்ள பதில்களில் நான் பேசுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது பொருளைப் பற்றி.

தமிழில் இதற்கு ஒரே சொல்லாக எதை எழுதுவது?

"தெளிவாக" என்பது பெரும்பாலான இடங்களில் ஒத்துப்போகும். கோவை முக்கியமாக இருக்கும் இடத்தில் "தெளிவாகவும் கோவையாகவும்" என்று இரண்டு சொல்லாக எழுதத் தயங்க வேண்டாம். உச்சரிப்பைப் பற்றிய இடமானால் "திருத்தமாக" நன்றாக அமையும். "நாவன்மையோடு" என்பதைக் கவனமாகப் பயன்படுத்துங்கள். அது கேட்பவரை ஈர்க்கும் ஆற்றலையும் சேர்த்துச் சொல்வதால், சில இடங்களில் அளவுக்கு மீறிய புகழ்ச்சியாகிவிடும்.

நம் இலக்கண மரபில் இதற்கு மிக நெருங்கிய சிந்தனை இருக்கிறது. நன்னூல் ஒரு நூலுக்குரிய அழகுகளாகப் பத்தைச் சொல்கிறது. அவற்றில் "விளங்க வைத்தல்" ஒன்று, "முறையின் வைப்பு" இன்னொன்று. படிப்பவருக்குப் புரியச் சொல்வது முன்னது, எதை முதலில் எதை அடுத்து என்று வரிசையறிந்து வைப்பது பின்னது. இந்த இரண்டு அழகும் ஒருவருடைய பேச்சில் கூடி வந்தால், அதைத்தான் ஆங்கிலம் இந்த ஒரே வினையடையால் குறிக்கிறது. எனக்குத் தெரிந்து இதைவிடப் பொருத்தமான விளக்கம் இல்லை.

சரளமாகப் பேசுவதும் இதுவும் ஒன்றுதானே? "ஃப்ளூயண்ட்லி" என்று போட்டால் என்ன?

எனக்கு வரும் கேள்விகளில் மிக அதிகம் இதுதான், மிக முக்கியமானதும் இதுதான். இரண்டும் ஒன்றல்ல. "ஃப்ளூயண்ட்லி" என்பதன் லத்தீன் வேருக்கு "ஓடுதல்", "பாய்தல்" என்று பொருள். பேச்சு தடையில்லாமல் ஓடுகிறதா என்பதை மட்டுமே அது பார்க்கிறது. ஓடும் பேச்சில் என்ன இருக்கிறது என்பது அதன் கவலை இல்லை. வேலை ஏன் தாமதமானது என்று கேட்டால் ஒருவர் மூச்சு விடாமல் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: "பார்த்தீர்கள் என்றால், நாங்கள் முழுமூச்சாகத்தான் இறங்கியிருக்கிறோம், எல்லாக் கோணங்களிலும் ஆராய்ந்து, சம்பந்தப்பட்ட அனைவரிடமும் பேசி, தரத்தில் எந்தச் சமரசமும் இல்லாமல், நடைமுறையில் வரும் சில விஷயங்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, கூடிய விரைவில் முடித்துவிடும் கட்டத்தில்தான் இருக்கிறோம்." ஓரிடத்தில்கூடத் தடங்கல் இல்லை. ஆனால் என்ன காரணம், எப்போது முடியும் என்ற இரண்டு கேள்விகளும் அப்படியே நிற்கின்றன.

இன்னொருவர் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறார்: "இரண்டு வாரம்... தாமதம். காரணம் ஒன்றுதான். வரைபடம் திருத்தப்பட்டு மறுபடி வந்தது. அதற்கு முன்பு செய்து முடித்ததில்... பாதியை மாற்ற வேண்டும். வரும் வெள்ளிக்கிழமை முதல் பாதி. அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை மீதி." இவருடைய பேச்சில் சரளம் இல்லை. ஆனால் கேட்டவர் எழுந்து போய் அடுத்த வேலையைத் தொடங்கலாம். இவர் பேசியதுதான் ஆர்டிக்யுலட்லி.

இதை நான் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சரளம் இல்லையே என்ற கூச்சத்தால், சொல்லவேண்டிய கருத்தைத் தெளிவாக வைத்திருக்கும் எத்தனையோ பேர் கூட்டங்களில் வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள். சரளம் பழக்கத்தால் வரும், அதற்குக் காலம் பிடிக்கும். கோவையாகச் சொல்வதோ யோசனையைப் பொறுத்தது. அது இன்றைக்கே கைகூடும். ஒன்று இல்லை என்பதற்காக இன்னொன்றும் தம்மிடம் இல்லை என்று யாரும் முடிவு கட்டிக்கொள்ள வேண்டாம்.

பெரிய பெரிய வார்த்தைகளைப் போட்டுப் பேசினால்தான் இந்தப் பெயர் கிடைக்குமா?

கிடைக்காது. மேலே இரண்டாவதாகப் பேசியவரின் பேச்சைத் திரும்பப் பாருங்கள். அதில் அகராதியைப் புரட்டவேண்டிய சொல் ஒன்றுகூட இல்லை. அரிய சொல் தேவைப்படும் இடங்களும் உண்டு. எளிய சொல் எதுவும் அந்த நுட்பத்தைத் தாங்காதபோது அரிய சொல்லை எடுக்கத்தான் வேண்டும். பொருத்தம்தான் அளவுகோல்.

"க்ளியர்லி" என்ற எளிய சொல் இருக்கும்போது இது எதற்கு?

பல இடங்களில் "க்ளியர்லி" போதும், அதையே எழுதுங்கள். வேறுபாடு பரப்பில் இருக்கிறது. "க்ளியர்லி" எதற்கும் வரும்: கண்ணாடி வழியாகத் தெளிவாகத் தெரிகிறது, தொலைபேசியில் தெளிவாகக் கேட்கிறது, கணக்கு தெளிவாகத் தப்பு. "ஆர்டிக்யுலட்லி" கருத்தை வெளிப்படுத்துவதற்கு மட்டும் உரியது. சொல்பவரின் திறமையைக் குறிப்பாகப் பாராட்ட வேண்டுமானால் இதை எடுங்கள்.

"க்ளியர்லி" என்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. அது வாக்கியத்தின் தலைப்பில் வந்தால் "சந்தேகமே இல்லாமல்" என்று பொருள் மாறிவிடும். "க்ளியர்லி, ஹி டிட் நாட் எக்ஸ்பிளெயின் இட்" என்றால், அவர் விளக்கவே இல்லை என்பது வெளிப்படை என்று அர்த்தம். "ஹி டிட் நாட் எக்ஸ்பிளெயின் இட் க்ளியர்லி" என்றால், விளக்கினார், ஆனால் விளக்கம் தெளிவாக இல்லை. ஒருவரைக் குறைகூறும் கடிதத்தில் இந்த இடமாற்றம் பெரிய சண்டையைக் கிளப்பிவிடும். "ஆர்டிக்யுலட்லி" இப்படித் தலைப்பில் போய்ப் பொருள் மாறுவதில்லை.

எலக்வெண்ட்லி, லூசிட்லி, கோஹியரண்ட்லி... இவையெல்லாம் எப்படி வேறுபடுகின்றன?

"லூசிட்லி" ஒளி என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது. சிக்கலான பொருளைப் பளிச்சென்று விளங்கவைக்கும் விளக்கத்துக்கு, குறிப்பாக எழுத்துக்கு, அது பொருந்தும். "கோஹியரண்ட்லி" என்றால் பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும்படி. இது ஒரு குறைந்தபட்சத் தகுதி. காய்ச்சலில் கிடந்தவர் தெளிந்து எழுந்து பேசினால் "கோஹியரண்ட்லி" பேசுகிறார் என்பார்கள். அது பாராட்டு ஆகாது.

"எலக்வெண்ட்லி" இவை எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது, ஏனென்றால் அங்கே கேட்பவரின் நெஞ்சு அசைய வேண்டும். 1863 நவம்பர் 19 அன்று அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க்கில் எட்வர்ட் எவரெட் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பேசினார். அவருக்குப் பிறகு ஆபிரகாம் லிங்கன் சுமார் 270 சொற்களில், இரண்டு மூன்று நிமிடங்களில் முடித்துவிட்டார். எவரெட் அந்நாளில் பெயர்பெற்ற சொற்பொழிவாளர். அவர் ஆர்டிக்யுலட்லி பேசினார் என்பதில் ஐயமில்லை. ஆனால் தலைமுறைகள் மனப்பாடம் செய்தது லிங்கனின் உரையைத்தான். எலக்வெண்ட்லி என்ற சொல்லை அப்படிப்பட்ட பேச்சுக்காகச் சேமித்து வையுங்கள். மாதாந்தர அறிக்கையை வாசித்தவருக்கு அதைக் கொடுத்தால் சொல்லின் மதிப்பு போய்விடும்.

"ஹி இஸ் ஆர்டிக்யுலட்லி" என்று எழுதினேன், சிவப்புக் கோடு விழுகிறது. ஏன்?

ஒருவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லும் இடத்தில் பெயரடைதான் வர வேண்டும்: "ஹி இஸ் ஆர்டிக்யுலட்." அவர் ஒரு செயலை எப்படிச் செய்தார் என்று சொல்லும்போது வினையடை: "ஹி ஆன்ஸர்ட் ஆர்டிக்யுலட்லி." "சவுண்ட்", "சீம்" போன்ற வினைகளில் பலரும் தடுக்கி விழுகிறார்கள். அவை செயலைச் சொல்லாமல் தோற்றத்தைச் சொல்வதால், "ஷி சவுண்டட் ஆர்டிக்யுலட்" என்பதே சரி.

வாக்கியத்தில் இதை எங்கே வைப்பது?

தமிழ் பேசுபவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிரமம் உண்டு. "பிரச்சினையைத் தெளிவாக விளக்கினார்" என்று நாம் செயப்படுபொருளுக்கும் வினைக்கும் நடுவில் வினையடையை வைக்கிறோம். அதே பழக்கத்தில் ஆங்கிலத்திலும் நடுவில் வைத்தால், "ஷி எக்ஸ்பிளெயிண்ட் ஆர்டிக்யுலட்லி த ப்ராப்ளம்" என்று காதுக்கு இடறும் வாக்கியம் வந்து சேரும். ஆங்கிலம் வினையையும் அதன் செயப்படுபொருளையும் பிரிக்க விரும்பாது. ஆகவே "ஷி எக்ஸ்பிளெயிண்ட் த ப்ராப்ளம் ஆர்டிக்யுலட்லி" என்று கடைசியில் வையுங்கள். அல்லது "ஷி ஆர்டிக்யுலட்லி எக்ஸ்பிளெயிண்ட் த ப்ராப்ளம்" என்று வினைக்கு முன்னால் வையுங்கள். செயப்படுபொருள் மிக நீளமாக இருந்தால் இரண்டாவது வழி நல்லது.

ஒப்பிட வேண்டுமானால் "மோர்", "மோஸ்ட்" முன்னால் சேரும். சொல்லின் கடைசியில் எதுவும் ஒட்டாது.

எழுத்துக்கும் இதைச் சொல்லலாமா, பேச்சுக்கு மட்டும்தானா?

எழுத்துக்கும் தாராளமாகச் சொல்லலாம்: "ஷி ரைட்ஸ் ஆர்டிக்யுலட்லி." சைகை மொழிக்கும் சொல்லலாம். சைகை மொழியை ஆராயும் மொழியியலாளர்கள், வாய்மொழியில் நாக்கும் உதடும் செய்யும் வேலையை அங்கே கைகள் செய்வதால், கைகளையும் ஒலிப்புறுப்புகளைப் போலவே "ஆர்டிக்யுலேட்டர்" என்று அழைக்கிறார்கள்.

பேச்சுத் திக்கல் உள்ளவரைப் பற்றி இப்படிச் சொல்வது முரணாக இருக்காதா?

முரணே இல்லை. சரளமும் கோவையும் வேறு என்று மேலே சொன்னது இங்கே முழுமையாகப் பொருந்துகிறது. திக்கல் சரளத்தைத் தடுக்கும். கருத்தின் கட்டமைப்பைத் தொடாது. பேச்சுத் தசைகள் தளர்ந்து சொற்கள் குழறும் நிலைக்கு மருத்துவத்தில் "டிஸார்த்ரியா" என்று பெயர். அந்தச் சொல்லுக்குள்ளும் மூட்டு என்ற பொருளுடைய கிரேக்க வேர்தான் இருக்கிறது. அந்த நிலையில் உள்ளவர்களுக்கு ஒலிகள் குழறினாலும், மொழியறிவு அதனால் குறைவதில்லை.

இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் 1985-இல் நடந்த தொண்டைத் துளை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பேசும் திறனை முற்றிலும் இழந்தார். அதன் பிறகு கணினியில் சொல் சொல்லாகத் தேர்ந்து, செயற்கைக் குரல் வழியாகத்தான் பேசினார். ஒரு வாக்கியத்தை முடிக்க நெடுநேரம் ஆகும். அப்படியிருந்தும் அண்டவியலைச் சாதாரண வாசகருக்கு அவர் விளக்கியதைப் பற்றிச் சொல்ல "ஆர்டிக்யுலட்லி" என்பதைவிடப் பொருத்தமான வினையடை இல்லை.

எதிர்ச்சொல் என்ன?

"இனார்டிக்யுலட்லி." கோபத்திலோ துக்கத்திலோ வார்த்தை வராமல் திணறுவதற்கும் இதைச் சொல்வார்கள். பெயர்ச்சொல் வேண்டுமானால் "ஆர்டிக்யுலசி" அல்லது "ஆர்டிக்யுலட்னஸ்". முன்னது பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அதிகம்.

நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் சிலவற்றை இதன் விளக்கமாகவே கொள்ளலாம்: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மயங்க வைத்தல், சென்று தேய்ந்து இறுதல். கடைசியாகச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்த பெயர். கம்பீரமாகத் தொடங்கிப் போகப் போக மெலிந்து எங்கோ மறைந்துபோகும் பேச்சை எல்லாரும் கேட்டிருப்போம்.

ஒப்பந்தத்தில் "எக்ஸ்பிரஸ்லி" என்று வருகிறது. அதற்குப் பதிலாக இதைப் போடலாமா?

போடவே கூடாது. "எக்ஸ்பிரஸ்லி" என்றால் வெளிப்படையாகக் குறிப்பிட்டு என்று அர்த்தம். குறிப்பால் உணரவைப்பதற்கு எதிரானது அது. "எக்ஸ்ப்ளிசிட்லி" அதற்கு மிக நெருங்கிய உறவு. ஒரு செயல் "எக்ஸ்பிரஸ்லி" தடைசெய்யப்பட்டிருக்கிறது என்றால், தடை எழுத்தில் நேரடியாக இருக்கிறது என்று பொருள். அது அழகாக எழுதப்பட்டிருக்கிறதா, கோவையாக இருக்கிறதா என்பது பேச்சே இல்லை. சட்ட வாசகத்தில் சொல்லை மாற்றினால் பொறுப்பே மாறிவிடும்.

நன்றாகப் பேசி ஏமாற்றுகிறவரையும் இப்படிச் சொல்ல முடியுமா?

முடியும். இந்தச் சொல் வெளிப்படுத்தும் திறனை அளக்கிறது, உண்மையை அளப்பதில்லை. கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமல், ஆனால் கோவையாகவும் தெளிவாகவும் வேறொன்றை எடுத்துரைத்துத் தப்பிக்கிறவர்களும் ஆர்டிக்யுலட்லி பேசுகிறவர்கள்தான். அவர்களுடைய பேச்சு "எக்ஸ்ப்ளிசிட்" இல்லை, அவ்வளவே. ஆகவே ஒருவரின் நேர்மையையும் சேர்த்துப் பாராட்ட நினைத்தால் "ஆனஸ்ட்லி" போன்ற இன்னொரு சொல்லையும் துணைக்குச் சேருங்கள்.

ஆங்கிலத் திறனை அளக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வின் பேச்சுப் பிரிவில் இதற்கு மதிப்பெண் உண்டா?

இந்தப் பெயரில் இல்லை. சரளமும் கோவையும், சொல்வளம், இலக்கணத்தின் வீச்சும் திருத்தமும், உச்சரிப்பு ஆகிய நான்கு அளவுகோல்களுக்கும் சம மதிப்பு. முதல் அளவுகோலிலேயே சரளமும் கோவையும் தனித்தனிச் சொற்களாக இருப்பதைக் கவனியுங்கள். தேர்வு நடத்துபவர்களும் அவற்றை ஒன்றாக எண்ணவில்லை. உச்சரிப்பிலும், பேசுவது சிரமமில்லாமல் புரிகிறதா என்பதே பெரிதாகப் பார்க்கப்படுகிறது.

இரண்டாம் பகுதியில் ஒரு தலைப்பு கொடுத்து, யோசிக்க 1 நிமிடமும் பேச அதிகபட்சம் 2 நிமிடமும் தருவார்கள். அந்த ஒரு நிமிடத்தில் வாக்கியங்களை எழுதிப் பார்க்காதீர்கள். எதை முதலில், எதை அடுத்து, எதைக் கடைசியில் என்று மூன்று சொற்களை வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன "முறையின் வைப்பு" அங்கே உங்களுக்குக் கைகொடுக்கும்.

பாராட்டாகத்தான் சொன்னேன், அவர் முகம் சுருங்கிவிட்டது. இதில் என்ன தப்பு?

சொல்லில் தப்பில்லை; அது வந்து விழுந்த இடத்தில் இருக்கலாம். ஒருவரிடம் எதிர்பாராத திறமையைக் கண்டு வியப்பதைப் போல இந்தப் பாராட்டு தொனித்தால், "உங்களைப் போன்றவர்களிடம் இதை எதிர்பார்க்கவில்லை" என்ற மறைபொருள் கூடவே வந்துவிடும். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் இதை நெடுங்காலமாக அனுபவித்து வருகிறார்கள். 2007-இன் தொடக்கத்தில் ஜோ பைடன், பராக் ஒபாமாவைப் புகழும் வாக்கியத்தில் இந்தப் பெயரடையையும் சேர்த்தார். அது பெரும் சர்ச்சையாக வெடித்தது, பைடன் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. அப்போது செனட் உறுப்பினராக இருந்த ஒபாமா நன்றாகப் பேசுவதில் வியக்க என்ன இருக்கிறது என்பதே பலரின் கேள்வி.

ஆகவே ஆளை விட்டுவிட்டு, அவர் செய்த செயலைப் பாராட்டுங்கள். "யூ ஆர் ஸோ ஆர்டிக்யுலட்" என்பதற்குப் பதிலாக, எந்தக் கருத்தை எப்படி விளக்கினார், அதனால் உங்களுக்கு எது புரிந்தது என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். வினையடை இங்கே பெயரடையைவிடப் பாதுகாப்பானது, ஏனென்றால் அது குறிப்பிட்ட ஒரு செயலோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

வேலைக்கான விண்ணப்பத்தில் என்னைப் பற்றி நானே இப்படி எழுதலாமா?

எழுதாமல் இருப்பதே நல்லது. அந்த விண்ணப்பம் கோவையாக இருந்தால் படிப்பவர் தாமே அந்த முடிவுக்கு வருவார். இல்லையென்றால் அந்தச் சொல் உங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்லும். நீங்கள் யாருக்கு எதை விளக்கினீர்கள், அதனால் என்ன முடிவு எடுக்கப்பட்டது என்று ஒரு வரி எழுதுங்கள். பரிந்துரைக் கடிதம் எழுதும் உங்கள் மேலாளரோ பேராசிரியரோ "எக்ஸ்பிரஸஸ் ஹெர் ஐடியாஸ் ஆர்டிக்யுலட்லி" என்று எழுதினால் அதற்கு எடை உண்டு. அவரும் அதற்கு ஓர் உதாரணம் சேர்த்தால் இன்னும் நல்லது. தயங்காமல் கேட்டுப் பாருங்கள்.